வட்டம் மறைந்த பிறகும் பூச வேண்டிய மருந்து

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலூர் முதுநகரில் கொடியில் போட்ட துணி இரண்டு நாளானாலும் முழுவதும் காய்வதில்லை. அப்படி ஈரம் போகாத உள்ளாடையோடு துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்கப் போன என் தம்பிக்கு, இடுப்பில் ஓரம் தடித்துச் சிவந்தும் நடுவில் தெளிந்தும் வட்டமாகப் படர்தாமரை என்ற பூஞ்சைத் தொற்று வந்தது.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசிய மூன்றாம் நாளே அரிப்பு அடங்கியதால், நோய் போய்விட்டது என்றே நம்பினோம். நிறுத்திய பத்து நாளில் அது தொடை வரை இறங்கிவிட்டது. தோல் மருத்துவர் அந்தக் களிம்புக் குழாயைத் திருப்பிப் பார்த்து, ‘குளோபெட்டசால்’ என்ற பெயரின் கீழ் பேனாவால் கோடிட்டார். அது ஸ்டீராய்டு. சிவப்பையும் அரிப்பையும் அடக்கிவிடும். ஆனால் தோலின் எதிர்ப்பாற்றலைக் குறைத்துப் பூஞ்சை பரவ வழிவிடும். வட்டத்தின் உருவமே மாறிவிடுவதால் நோயை அடையாளம் காண்பதும் கடினமாகிறது. அதனால் அவர் ஓரத்துச் செதிலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தார். பூஞ்சை இழைகள் தெரிந்தன.

பூஞ்சையின் செல்சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற பொருள் வேண்டும். நம் செல்லில் அந்த இடத்தில் இருப்பது கொலஸ்ட்ரால். இந்த வேறுபாட்டை நம்பித்தான் மருந்துகள் வேலை செய்கின்றன. குளோட்ரிமசோல், இட்ரகோனசோல், ஃப்ளூகோனசோல் போன்றவையும் டெர்பினாஃபினும் எர்கோஸ்டெரால் உருவாவதை வெவ்வேறு படிகளில் தடுக்கின்றன. 1950இல் கண்டறியப்பட்ட நிஸ்டாட்டின், சவ்விலுள்ள எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு ஓட்டையிடுகிறது. குழந்தைகளின் வாயில் ஈஸ்ட் பூஞ்சையால் வரும் வெண்படலத்துக்கு அது இன்றும் உதவுகிறது. பெண்ணுறுப்பில் வரும் ஈஸ்ட் தொற்றுக்குப் பல நேரங்களில் 150 மில்லிகிராம் ஃப்ளூகோனசோல் ஒரே வேளை போதும் என்றாலும், கருவுற்றவர்கள் அதைத் தாமாக வாங்கி விழுங்கவே கூடாது. வெட்கப்பட்டு மாதக்கணக்கில் அரிப்பைச் சகித்திருக்கும் பெண்களை நினைத்தால் மனம் வலிக்கிறது.

தம்பிக்கு இட்ரகோனசோல் மாத்திரையும் ஸ்டீராய்டு கலக்காத களிம்பும் எழுதப்பட்டன. அந்த மாத்திரை உடலில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும் என்பதால் உணவு உண்டவுடன் விழுங்கச் சொன்ன மருத்துவர், அவன் வழக்கமாகப் போடும் அசிடிட்டி மாத்திரையை நிறுத்திவைத்தார். களிம்பை வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் தள்ளியிருந்து உள்நோக்கிப் பூசவும், தோல் தெளிந்த பிறகும் இரண்டு வாரம் தொடரவும் சொன்னார்.

அம்மா இன்றும் அவனுடைய துணியைத் தனியாகத் துவைத்து, இடுப்புப் பட்டையில் மட்டும் இஸ்திரிப் பெட்டியைச் சற்று அழுத்தித் தேய்த்துத் தருகிறார்.