பெட்டிச் சில்லும் சேர்ந்து இழுத்தால்

போன கிழமை முழுக்க ஆய்வுகூடத்தில் ஒரேயொரு சில்லோடுதான் பொழுது போனது. நீளமான இரும்புத் தொட்டி நிறைய மண், இரண்டு பக்கமும் தண்டவாளம், அதன்மேல் ஓடும் சட்டத்தில் மோட்டார் பூட்டிய பெட்டிச் சில்லு, அதாவது உழவு இயந்திரத்தின் பின்னால் கொழுவி இழுக்கும் பெட்டியின் சில்லு. சங்கிலியும் பல்சக்கரமும் கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடி எடுத்தவை.

கிளிநொச்சியில் மாமாவின் வயலில் பார்த்ததுதான் இதற்கெல்லாம் காரணம். அறுவடை நேரம் மழை விழுந்தால் நெல் மூட்டை ஏற்றிய பெட்டி வயலைவிட்டு வெளியே வராது. உழவு இயந்திரத்தின் பின்சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும், டயர்ப் பள்ளத்தில் சேறு அப்பி வழுவழுவென்றாகும், பிறகு அது தனக்குத்தானே குழி தோண்டும். "பாரம் கூடினா புதையத்தானே செய்யும்" என்பார் மாமா. ஆனால் பிடிப்புக்கும் பாரம்தான் வேண்டும்! அந்தப் பாரத்தில் பெரும்பங்கு பெட்டியின் அச்சில் இருக்க, அந்தச் சில்லு சும்மா உருள்கிறது. உழவு இயந்திரத்தின் எஞ்சின் சக்தியைப் பின்னால் பூட்டும் கருவிகளுக்குக் கொடுக்கும் சுழல்தண்டான பி.டி.ஓ.விலிருந்து அதற்கும் சக்தி கொடுத்தால் புதைக்கிற பாரமே இழுக்கவும் உதவும்.

சிக்கல் வேகத்தில்தான். பெட்டிச் சில்லு மெதுவாகச் சுற்றினால் அதுவே பிரேக் மாதிரி, வேகமாகச் சுற்றினால் இயந்திரத்தைப் பின்னாலிருந்து தள்ளும், சரிவான வளைவில் அப்படித் தள்ளினால் இயந்திரமும் பெட்டியும் கொழுவிய இடத்தில் மடங்கிவிடும், உயிருக்கே ஆபத்து. சில்லு பத்துச் சுற்றுச் சுற்றி ஒன்பது சுற்றுக்குரிய தூரம்தான் நகர்ந்தால் வழுக்கல் 10 சதவீதம். வழுக்கல் துளியும் இல்லாமல் இழுவையும் இல்லை. 8 முதல் 15 சதவீதத்துக்குள் வைத்திருந்தால் நல்லது என்பது பொதுவான கணக்கு, மண்ணைப் பொறுத்து மாறும்.

வயலில் ஒரே மண் இரண்டு தரம் கிடைக்காது, அதனால்தான் தொட்டி. அமெரிக்காவில் ஆபர்னில் 1930களிலேயே இப்படிப் பெரிய தொட்டிகள் கட்டிவிட்டார்கள். நாங்கள் முதல் நாளே ஒரு பிழை விட்டோம். இரண்டாவது ஓட்டத்தில் இழுவை கூடியது, எல்லோருக்கும் சந்தோசம், அப்புறம் பார்த்தால் முதல் ஓட்டத்தில் சில்லு அழுத்திய தடத்திலேயே மறுபடி ஓட்டியிருக்கிறோம். மண் இறுகியிருந்தது, அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் மண்ணைக் கிளறி, ஈரம் பார்த்து, உருளை போட்டு, 30 பாகைக் கூம்பைக் குத்தி இறுக்கம் அளக்கிறோம். ஐந்து நிமிட ஓட்டத்துக்கு அரை நாள் வேலை, ஆனாலும் இதைத் தவிர்க்கவே கூடாது.

மாமா தன் வயல் மண்ணை மூன்று மூட்டையில் கட்டி பஸ்ஸில் அனுப்பியிருக்கிறார். திங்கட்கிழமை அதைத்தான் தொட்டியில் கொட்டப்போகிறோம்.