பெயர்ச்சொல்லுக்கு ஒரு சோதனை

"பெயர்ச்சொல் என்றால் என்ன?" என்று ஆறாம் வகுப்பில் கேட்டால், "ஒன்றன் பெயரைக் குறிக்கும் சொல் பெயர்ச்சொல்" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொல்லிவிடும். அடுத்ததாக, "ஓட்டம் என்பது பெயரா, வினையா?" என்று கேட்டால் அந்தக் குரல் இரண்டாகப் பிரியும். ஓடுவது ஒரு செயல். செயலைக் குறிப்பது வினைச்சொல் என்றுதானே படித்தோம் என்பது பாதிப் பேரின் வாதம். பிள்ளைகளிடம் இதில் குற்றம் காண்பதற்கில்லை. பொருளைக் குறித்தால் பெயர், செயலைக் குறித்தால் வினை என்று நாமே வரையறுத்துக் கொடுத்தோம். அவர்கள் அதை நேர்மையாகப் பின்பற்றுகிறார்கள். ஈரோடு மாவட்டத்துக் கிராமப் பள்ளியில் தமிழ் கற்பித்துவரும் எனக்கு, ஒரு சொல் எதைக் குறிக்கிறது என்று கேட்பதற்கு முன்னால் அது எதை ஏற்கிறது என்று கேட்கப் பழக்குவதே நல்ல வழியாகப் படுகிறது.

குழப்பத்துக்குப் பாடவேளை அட்டவணையும் ஒரு காரணம். காலையில் ஆங்கில ஆசிரியர் சொற்கள் எட்டு வகை என்று சொல்லிவிட்டுப் போகிறார். மதியம் நான் போய் பெயர், வினை, இடை, உரி என்று நான்கு வகை என்கிறேன். "எதுங்க ஐயா சரி?" என்று கேட்காத ஆண்டே கிடையாது. இந்தக் கேள்விக்கு விடை சொல்லச் சிறிது வரலாறு தேவைப்படுகிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தியோனீசியஸ் திராக்ஸ் பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கணத்தில் சொற்கள் எட்டு. ஆனால் அந்த எட்டும் இன்றைய ஆங்கில வகுப்பின் எட்டும் ஒன்றல்ல. பண்பைச் சொல்லும் சொற்கள் அங்கே தனி வகையாக நிற்காமல் பெயருக்குள்ளேயே அடங்கியிருந்தன, ஏனென்றால் கிரேக்கத்தில் அவையும் பெயரைப் போலவே வேற்றுமை (தொடரில் பெயரின் பொருளை வேறுபடுத்தும் வடிவ மாற்றம்) ஏற்றன. இலத்தீன் மொழியில் ஆங்கிலத்தின் 'தி' போன்ற சுட்டுச்சொல் இல்லாமையால் அந்த இடம் காலியானது. அங்கிருந்த இலக்கணிகள் வியப்புச்சொல்லைத் தனி வகையாக்கி எட்டு என்னும் கணக்கைக் காப்பாற்றிக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் பண்புச்சொற்கள் வேற்றுமையை இழந்துவிட்டபடியால், அவை பிற்காலத்தில் பெயரிலிருந்து பிரிந்து தனி வகையாயின. ஒரு மொழியின் சொற்கள் நடந்துகொள்ளும் முறைக்கு ஏற்பத்தான் வகைகள் அமைகின்றன என்று தெரிந்தால், எட்டும் நான்கும் சண்டையிட வேண்டியதில்லை என்பதைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் ஒப்புக்கொள்கிறார்கள்.

தமிழ் இலக்கணிகள் இதில் தெளிவாகவே இருந்திருக்கிறார்கள். தொல்காப்பியம் வினையியலின் முதல் நூற்பா, "வினை எனப்படுவது வேற்றுமை கொள்ளாது, நினையுங் காலைக் காலமொடு தோன்றும்" என்கிறது. செயல் என்ற சொல்லே அதில் இல்லை. நன்னூலார் பெயருக்கு இலக்கணம் சொல்லும்போது, "தொழிலல காலம் தோற்றா, வேற்றுமைக்கு இடனாய்" என்று அதே அளவுகோலை மறுபக்கம் திருப்பிக் காட்டுகிறார். வேற்றுமை ஏற்பது பெயர், காலம் காட்டுவது வினை, அவ்வளவுதான். நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவரைப் பற்றிச் சொல்லும்போது என் வகுப்பில் ஒரு தனிக் கவனம் பிறக்கும். நன்னூலின் சிறப்புப்பாயிரம் "பொன்மதில் சனகை" என்று குறிப்பிடும் ஊர் பெருந்துறைக்கு அருகிலுள்ள சீனாபுரமே என்பது கொங்கு நாட்டில் வழங்கிவரும் மரபு; அவ்வூரில் சமணக் கோயில் ஒன்றும் உண்டு. அந்த ஊரில் சொந்தக்காரர்கள் உள்ள பிள்ளை வகுப்பில் இருந்துவிட்டால், 462 நூற்பாக்களும் தன் வீட்டுச் சொத்து என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வான்.

ஆகவே வகுப்பில் நான் தரும் சோதனை இரண்டே கேள்விகளைக் கொண்டது. அந்தச் சொல் 'ஐ', 'கு', 'இல்' ஆகிய உருபுகளை ஏற்கிறதா? நேற்று, இன்று, நாளை என்று மாற்றும்போது அதன் வடிவம் மாறுகிறதா? 'ஓட்டம்' ஓட்டத்தை, ஓட்டத்துக்கு, ஓட்டத்தில் என்று உருபுகளை ஏற்கிறது. நேற்றைக்கும் நாளைக்கும் ஓட்டம் ஓட்டமாகவே இருக்கிறது. ஆகவே பெயர். 'ஓடினான்' என்பதோ உருபை ஏற்க மறுத்துவிட்டு, ஓடுகிறான், ஓடுவான் என்று காலத்துக்குக் காலம் மாறுகிறது. 'தறி' என்று கரும்பலகையில் எழுதினால் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தறிக்குழியும் விசைத்தறியின் சத்தமும்தான் நினைவுக்கு வரும். தறியை, தறிக்கு, தறியில் என்று தயங்காமல் அடுக்குவார்கள். மரத்தைத் தறித்தான், தறிப்பான் என்று எழுதிக் காட்டிய பிறகுதான், ஒரே ஒலியில் இரண்டு சொற்கள் இருப்பது பிடிபடும்.

'ஆறு' இன்னும் சுவையான சொல். ஆறிய சோறு, ஆறுகிற காப்பி என்று காலம் காட்டும் வினை ஒருபுறம் இருக்க, பெயருக்குள்ளேயே இரண்டு ஆறுகள் இருக்கின்றன. நொய்யல் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கிறோம். கணக்கில் ஆறிலிருந்து இரண்டைக் கழிக்கிறோம். நதியின் பெயரில் ற் இரட்டிக்கிறது, எண்ணின் பெயரில் இரட்டிப்பதில்லை. பேசும்போதுகூட "ஆத்துல", "ஆறுல" என்று எந்தப் பிள்ளையும் தடுமாறாமல் பிரித்தே சொல்கிறது. "நெடிலோடு உயிர்த்தொடர்க் குற்றுகரங்களுள் டற ஒற்று இரட்டும் வேற்றுமை மிகவே" என்று நன்னூல் வகுத்த விதியை அவர்கள் பள்ளிக்கு வரும் முன்பே கைக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலும் என்ற பொருளில் "மிகவே" என்று பவணந்தியார் போட்டுவைத்த இடைவெளி வழியாக எண்ணுப்பெயர் தப்பிப்பதையும் சேர்த்து. வேலை தேடித் திருப்பூர்ப் பக்கம் வந்த குடும்பங்களின் இந்தி பேசும் பிள்ளைகளுக்கு இந்த ஆறு சற்றுத் தொல்லை தருகிறது. ஆனால் உருபுச் சோதனையை அவர்களே விரைவாகப் பிடித்துக்கொள்கிறார்கள்; அவர்கள் மொழியிலும் பெயருக்குப் பின்னால் 'கோ', 'சே', 'மே' என்று வந்து நிற்பவை இருக்கின்றனவே.

இந்தச் சோதனையை மடக்கும் கேள்வி ஒன்று வகுப்பிலிருந்தே வரும், வர வேண்டும் என்று நானும் காத்திருப்பேன். "நேற்று என்பது காலத்தைத்தானே காட்டுகிறது, அப்படியென்றால் அது வினையா?" கேட்ட பிள்ளையையே சோதனையைச் செய்யச் சொல்வேன். நேற்றைவிட இன்று வெயில் அதிகம். நேற்றுக்கு இன்று பரவாயில்லை. உருபு ஏற்கிறது. நேற்று என்ற சொல்லை இறந்தகாலத்துக்கும் எதிர்காலத்துக்கும் மாற்ற வழி உண்டா? கிடையாது. காலம் காட்டுவது வேறு, காலத்துக்குப் பெயராக இருப்பது வேறு. காலப்பெயர் என்று பாடநூல் ஒரு வரியில் சொல்லிச் செல்வதன் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. ஆறு வகைப் பெயர்களில் நான் மிகுதியாக நேரம் செலவிடுவது இதற்கும், ஓட்டம் போலச் செயலுக்குப் பெயராக வரும் தொழிற்பெயருக்கும்தான். பொருட்பெயர், இடப்பெயர், சினைப்பெயர் மூன்றுக்கும் ஒரு பாடவேளை போதும். கை, கால், கிளை, தோகை என்று பிள்ளைகளே முடித்துவிடுவார்கள்.

தொழிற்பெயரை ஒட்டி வருகிற, செயலைச் செய்தவரைக் குறிக்கும் வினையாலணையும் பெயர்தான் கடினமான இடம். சென்னிமலையில் நெய்கிறார்கள், நெய்தல் தொழிற்பெயர், நெய்த போர்வை என்னும்போது 'நெய்த' பெயரெச்சம். 'நெய்தவர்' என்ன? நெய்தவரைக் கேட்டேன், நெய்தவருக்குக் கூலி கொடுத்தார் என்று உருபு ஏற்பதால் பெயர். நெய்தவர், நெய்கிறவர், நெய்பவர் என்று காலமும் காட்டுகிறது. இரண்டு கேள்விகளுக்கும் ஆம் என்ற விடை வந்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும், சோதனையே பொய்த்துவிட்டது என்று. அப்போது நன்னூல் நூற்பாவை மறுபடியும் எழுதி, "தொழிலல" என்ற சொல்லுக்கு அடிக்கோடு இடுவேன். தொழில் பற்றி வரும் இந்தப் பெயர் அல்லாதவையே காலம் காட்டாதவை என்று விதிவிலக்கை விதியின் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார் நூலாசிரியர். நூற்பாவை மனப்பாடம் செய்யச் சொல்லி அதட்டுவதைவிட, அது தேவைப்படும் நேரத்தில் எடுத்துக் காட்டுவது எனக்கு உகந்தது.

தேர்வுத்தாளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. "மஞ்சள் - எவ்வகைப் பெயர்?" என்று ஒரு மதிப்பெண் வினா வருகிறது. மஞ்சளை வேகவைத்துக் களத்தில் காயப்போட்டார்கள் என்றால் பொருட்பெயர். சுவருக்கு மஞ்சளைவிட வெள்ளை எடுப்பாக இருக்கும் என்றால் பண்புப்பெயர். ஈரோட்டுப் பிள்ளை முதலாவதைத்தான் எழுதும். விடைக்குறிப்பில் இரண்டாவது மட்டும் இருந்தால் அந்தப் பிள்ளை எதற்காக மதிப்பெண்ணை இழக்க வேண்டும்? வாக்கியம் தராமல் சொல்லை மட்டும் தந்து வகை கேட்பது முறையற்ற கேள்வி என்பது என் உறுதியான கருத்து. அதே மஞ்சளில், விரல்போல் இருப்பதால் விரலி என்று சந்தையில் வழங்கும் பெயர் காரணப்பெயருக்குக் கைக்கு எட்டும் சான்று. பண்புப்பெயரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும்: அழகு, உயரம், வெள்ளை ஆகியவை தமிழில் உருபேற்கும் பெயர்களே, ஆங்கில வகுப்பின் பண்புச்சொல்லுக்கு நிகராக நாம் சொல்லும் 'அழகான' என்பது அழகு என்ற பெயரோடு 'ஆன' என்ற பெயரெச்சம் சேர்ந்த வடிவம். இதைப் பிரித்துக் காட்டாவிட்டால் பிள்ளைகள் அழகு, அழகான, அழகாக மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

இடைச்சொல்லுக்கு எங்கள் நாட்டிலேயே அருமையான சான்று கிடைத்துவிடுகிறது. "இடை எனப்படுப பெயரொடும் வினையொடும் நடைபெற்று இயலும், தமக்கு இயல்பு இலவே" என்று தொல்காப்பியம் சொல்வதை விளக்க, "உங்க அப்புச்சி எந்த ஊர்?" என்று ஒரு பிள்ளையிடம் கேட்டால் போதும். "அப்புச்சி காங்கயமுங்க." "நேற்று வந்தாரா?" "வந்தாருங்க." "உனக்கு ஏதும் வாங்கி வந்தாரா?" "எனக்கில்லீங்க, தங்கச்சிக்குங்க." பெயரின் பின்னாலும், வினையின் பின்னாலும், உருபேற்ற பெயருக்கும் பின்னாலும் இந்த 'ங்க' வந்து நிற்கிறது. அதைத் தனியாகச் சொல்லிப் பார் என்றால் வகுப்பு சிரிக்கும். அதற்கு 'ஐ' சேர்க்கவும் முடியாது, காலம் காட்டச் செய்யவும் முடியாது. மரபிலக்கணம் தரும் இடைச்சொல் பட்டியலில் 'ங்க' இல்லை என்பது உண்மைதான். ஆனால் 'உம்', 'ஏ', 'ஓ' ஆகியவற்றுக்கு நகர்வதற்கு இதைவிட நல்ல படி எனக்குக் கிடைக்கவில்லை. இவ்வளவு நேரம் சோதனைக் கருவியாகப் பயன்பட்ட 'ஐ', 'கு' ஆகிய உருபுகளும் இடைச்சொற்களே என்பதை இந்த இடத்தில் சொன்னால் நன்றாகப் பதிகிறது.

உரிச்சொல்லை ஆறாம் வகுப்பில் நான் விரித்துரைப்பதில்லை. "சால உறு தவ நனி கூர் கழி" என்ற ஆறையும் சொல்லி, இவை மிகுதியைக் குறிப்பவை, செய்யுளில் அடிக்கடி வருபவை என்று நிறுத்திக்கொள்வேன்; பாட்டில் அவற்றைச் சந்திக்காத பிள்ளைக்குப் பட்டியல் மட்டும் தருவதில் பயனில்லை. அப்போதும் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "அப்படீன்னா 'நெம்ப' உரிச்சொல்லுங்களா ஐயா?" எங்கள் பேச்சில் 'நெம்ப நல்லாருக்கு' என்பது நாள்தோறும் காதில் விழும் தொடர், மிகுதியைத்தான் குறிக்கிறது. ஆனால் அது 'நிரம்ப' என்பதன் திரிபு. குளம் நிரம்பியது, நிரம்புகிறது, நிரம்பும் என்று காலம் காட்டுகிற வினையிலிருந்து வந்தமையால் அது வினையெச்சம். 'நனி'யை அப்படி மூன்று காலத்திலும் நிறுத்தச் சொன்னால் நிற்காது. அதனால் அது உரிச்சொல்.