பத்து நிமிடம் கதைக்க வேண்டும்

15 ஆகஸ்ட் 2024

பிள்ளைக்கு லீட்ஸ் யுனிவர்சிட்டி கிடைத்துவிட்டது. காலை எட்டு மணிக்கு அவள் போட்ட சத்தத்தில் இவர் துடித்துப் பதைத்து எழும்பினார். பிரான்சுக்கு, கனடாவுக்கு, ஊருக்கு என்று மத்தியானம் வரை போன். எல்லாருக்கும் நல்ல சந்தோசம். எனக்கும்தான்.

இரவு படுத்த பிறகு யோசித்தேன்: செப்டம்பர் முடிய ஆஸ்பத்திரியோடு யார் கதைக்கிறது?

17 ஆகஸ்ட்

நேரில் என்றால் எப்படியோ சமாளித்துவிடுவேன். எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்த்தே பாதி விளங்கிவிடும். போனில் அது ஒன்றும் இல்லை. ஜீபீயில், அதுதான் குடும்ப டாக்டரிடம், காலை எட்டு மணிக்கு லைன் திறக்கும். முதலில் பதிவு செய்த குரல் நீளமாக ஏதோ சொல்லும், பிறகு இலக்கம் அழுத்தச் சொல்லும், பிறகு பாட்டு. கடைசியில் ஒரு ஆள் வந்து ஒரே மூச்சில் எதையோ கேட்பார். நான் "சொறி?" என்பேன். அதையே இன்னும் வேகமாகச் சொல்வார்.

மொழிபெயர்ப்பாளர் கேட்டால் தருவார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் போன வருடம் டாக்டரிடம் போன அந்த நாளில் லைன் கிடைக்கவில்லை. பிள்ளை பள்ளிக்கூடப் பையோடு எங்களுக்கு நடுவில் இருந்தாள். டாக்டர் சொல்லச் சொல்ல அவள் தமிழில் சொன்னாள். உப்பு, தண்ணீர், மாத்திரை எல்லாம் சொன்னாள். ஒரு இடத்தில் நிற்பாட்டி, டாக்டரிடம் எதையோ திருப்பிக் கேட்டாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பாமல், மேசையில் இருந்த டிஷ்யூப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு, "அப்பான்ர ரெண்டு கிட்னியும் இனித் திரும்பிச் சரிவராதாம்" என்றாள். அவளுக்குப் பதினேழு வயது. வீட்டுக்கு வந்து நூடில்ஸ் சாப்பிட்டுவிட்டுக் கணக்குப் பாடம் செய்தாள். நான் குசினியில் நின்று அவளுடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி ஒரு சொல்லும் அவள் வாயால் வரக் கூடாது.

20 ஆகஸ்ட்

லைப்ரரி இங்கிலிஷ் வகுப்பில் பெயர் கொடுத்தாயிற்று. என்ட்ரி 3. அதைச் சோதனைக்காரர் பீ1 என்கிறார்கள். குடியுரிமைக்கும் அந்த அளவுதான் கேட்கிறார்கள், ஆகவே டிரினிட்டி என்ற சோதனை நிறுவனத்தின் ஐந்தாம் கிரேட்டுக்கு ஒக்டோபரில் நாளும் எடுத்துவிட்டேன். பத்து நிமிடம் ஒரு ஆளோடு இங்கிலிஷில் கதைக்க வேண்டும், அவ்வளவுதான். எழுத்து இல்லை. சோதனை என்று ஒன்று முன்னால் இல்லாவிட்டால் நான் புத்தகம் திறக்கிற ஆள் இல்லை.

இவர் சிரிக்கிறார். "பிரெஞ்சும் உப்பிடித்தானே தொடங்கினனீர்." பரிசுக்குப் பக்கத்தில் லா கூர்நெவில் பதினாறு வருடம். அங்கேயும் எனக்கு முன்னால் பிள்ளை படித்துவிட்டாள்.

1 செப்டம்பர்

நல்லூர்த் தேர். போனில் பார்த்தோம். வெயிலில் வடம் பிடிக்கிற சனத்தைப் பார்த்து இவர் கண் கலங்கினார். எனக்கோ மனதுக்குள் வேறு ஓட்டம்: "ஃபெஸ்டிவல்ஸ்" என்பது சோதனையில் கேட்கக்கூடிய ஆறு விடயங்களில் ஒன்று. தேர், கொடியேற்றம், காவடி எல்லாவற்றையும் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே கும்பிட்டேன். முருகன் மன்னிப்பார்.

4 செப்டம்பர்

வேலையில் இங்கிலிஷ் வரும் என்று சொல்பவர்கள் என்னோடு விடிய நாலரைக்கு 115 பஸ்ஸில் வந்து பார்க்க வேண்டும். கனரி வோர்ஃபில் இருபது மாடி, துப்புரவு வேலையில் பாதிப் பேர் கொலம்பியா, எக்குவடோர், பொலிவியா. எனக்கு இப்போது ஸ்பானிஷில் காலை வணக்கமும் "வாளி எங்கே?"யும் தெரியும். இங்கிலிஷ் கதைக்கிறவர்கள் வர முதலே நாங்கள் கட்டிடத்தை விட்டு வெளியே வந்துவிடுவோம்.

10 செப்டம்பர்

இவருடைய இடது கையில் ஃபிஸ்துலா செய்தார்கள். மணிக்கட்டுக்கு மேலே நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். டயாலிசிஸ் தொடங்குகிற நேரம் ஊசி அதில்தான் போகும். அது தடித்துத் தயாராக ஆறு எட்டுக் கிழமை ஆகுமாம்.

விரலை வைத்தால் தோலுக்குக் கீழே விர்ர் என்று ஒரு அதிர்வு. ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார்க்க வேண்டும். அதிர்வு நின்றால் விடியும் வரை பார்க்காமல் உடனே போன் எடுக்க வேண்டும். அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, மணிக்கூடும் கட்டக் கூடாது.

போன் எடுக்க வேண்டும். யார்?

14 செப்டம்பர்

அதிர்வு இருக்கிறது.

17 செப்டம்பர்

வகுப்பில் பிரசன்ட் பெர்ஃபெக்ட். ரீச்சர் ஒரு கோடு கீறி, இங்கே தொடங்கியது, இன்னும் முடியவில்லை, அதற்குத்தான் இது என்றார். சில்ஹெட் அக்காமார் இரண்டு பேர், ஒரு சோமாலியப் பிள்ளை, ஒரு ருமேனியக் கட்டிட வேலைக்காரர், நான். எல்லாரும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். ருமேனியர் எழும்பி, "முதுகு நோகிறது, ஜனவரியில் இருந்து" என்று சரியாகச் சொன்னார். பிறகு ஆளாளுக்கு நோவுகள் வந்தன. அக்காவுக்கு முழங்கால், சோமாலியப் பிள்ளையின் தாய்க்குச் சீனி வருத்தம். இலக்கணம் ஒருநாளும் இவ்வளவு கெதியாக எனக்கு ஏறியதில்லை. டாக்டர்மார் கேட்பதெல்லாம் இந்தக் காலத்தில்தானே. எவ்வளவு நாளாக வீக்கம், எப்போதில் இருந்து அரிப்பு, முன்பு எப்போதாவது வந்ததா.

இதை ஏன் முதல் நாளே படிப்பிக்கவில்லை?

21 செப்டம்பர்

லீட்ஸில் விட்டுவிட்டு வந்தோம். அறைக்குள் ஒரு கட்டில், ஒரு மேசை, எதிரே மதில். மிளகாய்த்தூள் போத்தலை அலுமாரிக்குள் ஒளித்து வைக்கிறாள். "அம்மா, ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தால் படம் எடுத்து அனுப்புங்கோ, நான் சொல்லுறன்."

ஓம் என்றேன். அனுப்ப மாட்டேன்.

22 செப்டம்பர்

ஒன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

30 செப்டம்பர்

"லைஃப் இன் த யூகே" புத்தகம், குடியுரிமைக்கான மற்றச் சோதனைக்கு. 24 கேள்வி, 18 சரியாக வேண்டும், 45 நிமிடம். எட்டாம் ஹென்றிக்கு ஆறு மனைவி, 1066, 1215, 1666. சோம்பலாக இருக்கும்போது படிக்கலாம், பாடமாக்கினால் முடிந்தது.

ஆனால் ஒரு மனுசன் பிடித்துக்கொண்டார். தீன் மகமது. 1759இல் பிறந்தவர், வங்காளத்தில் வளர்ந்து கிழக்கிந்தியக் கம்பனிப் படையில் இருந்தவர். ஜேன் டேலி என்ற ஐரிஷ் பெட்டையைக் கூட்டிக்கொண்டு 1786இல் ஓடியிருக்கிறார். 1810இல் லண்டன் ஜோர்ஜ் வீதியில் இந்தியச் சாப்பாட்டுக் கடை திறந்திருக்கிறார், இந்த நாட்டின் முதல் கறிக் கடை. இது புத்தகத்தில் இருந்தது. மிச்சத்தை நான் தேடிப் படித்தேன். வளர்ந்த ஆளாக அயர்லாந்தில் கோர்க் நகரத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தன் இங்கிலிஷைத் திருத்தியிருக்கிறார். அந்தப் பெட்டையைக் கண்டதே அங்கேதானாம். பிறகு 1794இல் இங்கிலிஷிலேயே ஒரு புத்தகம்.

இவரிடம் சொன்னேன். "கடை ஓடிச்சுதோ?" என்று கேட்டார். இல்லை, 1812இல் முறிந்து போயிற்று. "பாத்தீரே" என்றார். சாப்பாட்டுக் கடை வைத்து முறிந்தவர் வேறு எதைக் கேட்பார்.

5 ஒக்டோபர்

சோதனையின் முதல் ஐந்து நிமிடம் நாங்கள் கொண்டுபோகிற தலைப்பு. பிள்ளை "தோட்டம்" என்றாள். எனக்குத் தோட்டம் இல்லை, யன்னலில் கறிவேப்பிலை மட்டும்தான். ஒடியற் கூழ், அதுதான் காய்ந்த பனங்கிழங்கு மாக் கூழ், என்று முடிவு செய்துவிட்டேன். நண்டு, இறால், மரவள்ளி, பலாக்கொட்டை, பயிற்றங்காய், அரைத்த செத்தல் மிளகாய், புளி, கடைசியில் கரைத்த ஒடியல் மா. ஐந்து நிமிடம் என்ன, அரை மணித்தியாலம் கதைப்பேன்.

8 ஒக்டோபர்

கிளினிக். ஈஜிஎஃப்ஆர், அதுதான் கிட்னி வேலை செய்கிற அளவு, 11. பொட்டாசியம் ஏறி நிற்கிறது. சாப்பாட்டு அம்மா ஒரு தாள் தந்தா. வாழைப்பழம், தக்காளி, கீரை, தேங்காய் எல்லாம் குறைக்க வேண்டும். கிழங்கைச் சின்னதாக வெட்டி, நிறையத் தண்ணீரில் அவித்து, தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். அதைக் கறிக்குள் விடக் கூடாது.

மொழிபெயர்ப்பாளர் வந்தவர் நல்ல மனுசி, மதுரைப் பக்கம். ஆனால் சொதி என்றால் என்ன என்று அவவுக்கு நான் விளங்கப்படுத்த வேண்டியதாகிவிட்டது. பிறகு அவ சாப்பாட்டு அம்மாவுக்குச் சொன்னா. மூன்று பொம்பிளைகள் சேர்ந்து தேங்காய்ப்பால் இல்லாமல் சொதி வைப்பது எப்படி என்று ஆராய்ந்தோம். நடுவில் பொறுக்க முடியாமல் நானே இங்கிலிஷில் சொல்லத் தொடங்கினேன், சாப்பாட்டு அம்மாவுக்கு விளங்கியது.

கூழில் என்ன இருக்கிறது என்று இரவு எண்ணிப் பார்த்தேன். மரவள்ளி, பலாக்கொட்டை, நண்டு, புளி. இதில் ஒன்றும் இவருக்கு ஒத்துவராது.

தலைப்பை மாற்ற நேரம் இல்லை.

11 ஒக்டோபர்

லைஃப் இன் த யூகே பாஸ். தீன் மகமது வரவில்லை. துவேசம்.

16 ஒக்டோபர்

அதிர்வு இருக்கிறது. இவர்தான் சரியாக இல்லை. சாப்பாடு இரும்பு மாதிரி ருசிக்கிறது என்கிறார். இரவு முழுக்கச் சொறிகிறார். நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு "ஐ'ட் ராதர்" வாக்கியங்களை வாய்க்குள் சொல்கிறேன். ஐந்தாம் கிரேட்டில் அதுவும் வேண்டுமாம், எதை விட எது விருப்பம் என்று சொல்ல. எனக்கு விருப்பம் என்ன என்று யாராவது கேட்டு எவ்வளவு காலம்.

19 ஒக்டோபர்

நாக்கு பிரெஞ்சுக்கு ஓடுகிறது. எழுபதுக்கு மேலே எந்த எண்ணைச் சொன்னாலும்.

23 ஒக்டோபர்

நாளைக்கு. வயிற்றைக் கலக்குகிறது. பிள்ளை வீடியோவில் வந்து பரிசோதகர் மாதிரி மூக்கு நுனியில் கண்ணாடி வைத்துக் கேள்வி கேட்டாள். சிரித்ததுதான் மிச்சம்.

24 ஒக்டோபர்

ஈஸ்ட்ஹாமில் டிஸ்ட்ரிக்ட் லைன் ஏறினால் ஹாமர்ஸ்மித் வரை மாறத் தேவையில்லை. பாஸ்போட்டைப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள், பையையும் போனையும் பூட்டி வைத்தார்கள். போன் கையில் இல்லாமல் இருந்த அந்த நேரம் அதிர்வு நின்றிருந்தால்?

பரிசோதகர் வெள்ளை மனுசி, அறுபது இருக்கும், சேட்டில் சின்னத் தேத்தண்ணிக் கறை. அந்தக் கறையைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது. கூழைத் தொடங்கினேன். மரவள்ளிக்கு இங்கிலிஷ் பாடமாக்கி வைத்திருந்தேன், நண்டை உடைப்பதற்குக் கை காட்டினேன். ஒரு கேள்வியாவது திருப்பிக் கேள் என்று ரீச்சர் சொல்லியிருந்தா, ஆகவே நண்டை ஓட்டோடு சாப்பிட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன். ஒரு முறை போர்த்துக்கலில், சட்டை முழுக்கப் பழுதாகிவிட்டது என்றா.

பிறகு அவ கேட்டா, அடுத்த முறை யாருக்காகச் சமைப்பீர்கள்?

இதற்கு மறுமொழி தயாராக இருந்தது. எனது குடும்பத்துக்காக, பொங்கலுக்கு, என்று. வாயில் வந்தது வேறு. என்னுடைய கணவர் சாப்பிட முடியாது, அவருடைய கிட்னிகள் வேலை செய்யவில்லை, போன வருடத்தில் இருந்து, பொட்டாசியம் கூட, ஆகவே நான் செய்யவில்லை, அவர் வாசத்தை மட்டும் பிடித்துக்கொண்டு இருப்பது சரியில்லை. ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. நேரம் போகிறது என்று தெரிந்தும் நிற்பாட்ட முடியவில்லை. அவ குறுக்கே வரவில்லை. பிறகு மெதுவாக, "சரி, பயணத்தைப் பற்றிக் கதைப்போம்" என்றா. 115 பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு பண்டிகைகள். தேர் வந்துவிட்டது.

27 ஒக்டோபர்

நேரம் மாறிவிட்டது. நாலு மணி கழிய இருட்டு.

31 ஒக்டோபர்

தீபாவளி. பாஸ். ஈமெயிலை நானே திறந்து நானே வாசித்தேன். பிள்ளைக்குப் படம் அனுப்பினேன், இதை அனுப்பலாம்.

குடியுரிமைக்கு ஆயிரத்து அறுநூறு பவுனுக்கு மேல் கட்ட வேண்டும், இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். மூன்று வருடமாவது எங்களைத் தெரிந்தவர்களாக, ஒருவர் உத்தியோகக்காரராக. எங்களுக்கு உத்தியோகக்காரர் யாரைத் தெரியும்? டாக்டர்மாரைத்தான் தெரியும், அவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

2 நவம்பர், சனி

விடிய ஐந்து மணிக்குத் தொட்டேன், அதிர்வு இல்லாத மாதிரி. இல்லை, இருந்தது, ஆனால் நன்றாக அழுத்தினால்தான். இவரைத் தொடச் சொன்னேன். "இருக்கு, பேசாமப் படும்" என்றார். காதை வைத்துக் கேட்டேன். சத்தம் மாறியிருந்தது. விசில் மாதிரி, மெல்லிசாக.

லீட்ஸில் பிள்ளை நித்திரை. அவளுடைய பெயரை அழுத்தும் அளவுக்குப் போய்விட்டேன்.

வார்ட்டுக்கு எடுத்தேன். ஒரு ஆம்பிளைக் குரல், ஸ்கொட்லாந்தோ என்னவோ, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. மெதுவாகக் கதையுங்கள், தயவு செய்து, என்றேன். அதைக் கேட்க இவ்வளவு காலம் எனக்கு ஏன் வெட்கமாக இருந்தது தெரியவில்லை. அவர் மெதுவாகக் கேட்டார். எப்போதில் இருந்து? நேற்று இரவு நன்றாக இருந்தது, இன்று காலை முதல் குறைந்திருக்கிறது. கை குளிர்ந்திருக்கிறதா? இல்லை. நோகிறதா? இல்லை. பிறந்த திகதி? சொன்னேன், எண்கள் இங்கிலிஷிலேயே வந்தன. உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

ஊபர் வர ஆறு நிமிடம் என்றது. இவர் சேவ் எடுக்க வேண்டுமாம்.

3 நவம்பர்

ஸ்கான் செய்தார்கள். அடைக்கவில்லை, ஓரிடத்தில் ஒடுங்கியிருக்கிறது. பலூன் விட்டு விரிப்பார்களாம். பொட்டாசியம் 6.1. ஆளை ஆஸ்பத்திரியிலேயே மறித்துவிட்டார்கள்.

மத்தியானம் பிள்ளை எடுத்துக் கத்தினாள், ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று. முழுவதையும் சொன்னேன். "அம்மா, போனில கதைச்சனீங்களோ?" அதையே மூன்று தரம் கேட்டாள். அழுதாளோ தெரியாது, லைன் சரியில்லை.

4 நவம்பர்

வேலைக்குப் போகவில்லை. சுப்பவைசருக்கு நானே மெசேஜ் போட்டேன். வார்ட்டில் கதிரை இல்லை, கட்டில் விளிம்பில் இருந்து எழுதுகிறேன். பக்கத்துக் கட்டில் வங்காளி ஐயாவிடம் தீன் மகமதுவைத் தெரியுமா என்று கேட்டேன். எந்த வார்ட்டில் இருக்கிறார் என்று கேட்கிறார்.

5 நவம்பர்

நாளை ஏழரைக்குப் பலூன். நடுச்சாமம் முதல் வெறும் வயிறு. ஒப்பத் தாளை இரண்டு தரம் வாசித்தேன், மூன்று சொல் விளங்கவில்லை, நேர்சைக் கூப்பிட்டுக் கேட்டேன். அது சரிவந்தால் வெள்ளிக்கிழமை முதல் டயாலிசிஸ், கிழமைக்கு மூன்று நாள், நாலு மணித்தியாலம். சரிவராவிட்டால் கழுத்தில் குழாய். எந்த நேரப் பகுதி வேண்டும் என்று கேட்டார்கள். விடிய என்றேன், பிறகு வேலை ஞாபகம் வந்து, பின்னேரம் என்றேன். பார்ப்போம் என்கிறார்கள்.

குடியுரிமைப் பார்ம் பிறகு.