எந்த வீட்டு நாய்?

காங்கயம் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்த வருடங்களில், விடியும் முன் போன் அடித்தாலே வயிறு கலங்கும். "பட்டியில நாய் பூந்துருச்சுங்க டாக்டர்" என்றுதான் பெரும்பாலும் வரும்.

ஒரு மார்கழிக் காலையில் அப்படித்தான் போனேன். கிளுவை வேலியோரம் ஒன்பது மேச்சேரி இனச் செம்மறி ஆடுகள் செத்துக் கிடந்தன. மூன்று நிறைசினை. ஒன்றைக்கூடத் தின்றிருக்கவில்லை, விரட்டி விரட்டித் தொடையையும் காதையும் குதறிப் போட்டிருந்தது. ஆடுகளை வளர்த்த அம்மா பிழைத்த ஆடு ஒன்றின் காதில் வழிந்த ரத்தத்தை முந்தானையால் ஒற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்து நாய் வேலி தாண்டி ஓடியதைப் பார்த்ததாகச் சொன்னார். தோட்டத்துக்காரரோ, "எங்க நாய் வாசலைத் தாண்டாதுங்க, தெருநாயா இருக்கும்" என்றார்.

இந்த இடத்தில்தான் சட்டம் ஆட்டுக்காரர்களைக் கைவிடுகிறது. வளர்க்கும் விலங்கை அசட்டையாக விட்டால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அது மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடிய நிலைக்குத்தான். கால்நடையைக் கொல்வதற்கான 325ஆம் பிரிவுக்கு நோக்கமோ, நட்டம் வரும் என்று தெரிந்தே செய்ததோ வேண்டும். மிச்சம் சிவில் வழக்குதான். நாய் யாருடையது, அதன் குணம் வளர்ப்பவருக்கு முன்பே தெரியுமா, எங்கே கவனம் தவறினார் எல்லாவற்றையும் ஆடு இழந்தவரே நிரூபிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஆடுமாடுகள் விஷயத்தில் 'முன்பே தெரியுமா' என்ற கேள்வியை 1865லேயே சட்டம் போட்டு எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் அப்படி ஒன்று வந்தே ஆக வேண்டும்.

அந்த மார்கழிக் காலை வரை நானும் 'நாய்க்கடியால் இறப்பு' என்று ஒரே வரியில் சான்று எழுதிக் கொடுத்துவிடுவேன். அன்று ஒவ்வோர் ஆட்டுக்கும் தோலை உரித்துப் பார்த்தேன். கடிவாய்க்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தது. உயிரோடு இருக்கும்போது கடித்தால்தான் அப்படிக் கட்டும். கோரைப்பல் பதிந்த இடைவெளியை அளந்து, அளவுகோலை வைத்துப் படம் எடுத்தேன். கடிபட்டுப் பிழைத்த ஆடுகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். அதனால் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்கத் தோட்டத்துக்குப் போனேன். அவர் நாயைப் பிடித்துக்கொள்ள, உதட்டைத் தூக்கினேன். கடைவாய்ப் பல்லிடுக்கில் செத்த ஆடுகளின் நிறத்திலேயே செம்பழுப்பு மயிர் சிக்கியிருந்தது. அவரும் குனிந்து பார்த்தார். அப்புறம் தெருநாய் என்ற பேச்சே வரவில்லை.

வழக்குக்குப் போகாமல் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பேசி முடித்தார்கள். ஒன்பது ஆட்டுக்குச் சந்தை விலை தருவதாகத் தோட்டத்துக்காரர் ஒப்புக்கொண்டார். "வயித்துல கெடந்த குட்டிக்குங்க?" என்றார் அந்த அம்மா. ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் அறிக்கையைப் பிரித்து அந்த வரியைப் படித்தேன்: மூன்று சினை ஆடுகள், மூன்று குட்டிகள், உடல் முழுக்க மயிர் முளைத்தவை.

குட்டிகளையும் சேர்த்துக்கொண்டார்கள்.