பனியனில் எந்த நோம்பியை அடிப்பது?

ஆடிக் காத்து அம்மியைத் தூக்குகிற நேரத்தில் திருப்பூர் பிரிண்டிங் பட்டறைகளில் பனிமனிதன் ஓடிக்கொண்டிருப்பான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நவம்பர் தொடக்கத்தில் கிறிஸ்துமஸ் சரக்கு கடையில் தொங்க வேண்டும். கப்பலுக்கே ஒரு மாதம், ஒன்றரை மாதம் போய்விடும். அதனால் ஆகஸ்ட், செப்டம்பருக்குள் பெட்டி கட்டியாக வேண்டும். இந்த அவசரத்தில் பையரிடமிருந்து, அதாவது சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து, மெயில் வரும்: பாதி பீஸுக்கு 'மெர்ரி கிறிஸ்மஸ்', மீதிக்கு 'ஹேப்பி ஹாலிடேஸ்'. ஆர்டரைக் கவனிக்கப் புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர் "ரெண்டும் ஒண்ணுதானுங்களே, எதுக்கு ரெண்டு ஸ்க்ரீன்?" என்பார். (ஸ்க்ரீன் என்பது துணியில் மை இறக்குகிற வலைச்சட்டம்.)

இரண்டும் ஒன்றல்ல. 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்ற வாழ்த்துக்குள் கிறிஸ்துமஸ், யூதர்களின் எட்டு நாள் ஹனுக்கா, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் குவான்சா, ஆங்கிலப் புத்தாண்டு எல்லாம் அடங்கும். ஹனுக்கா யூத நாள்காட்டிப்படி நகரும். நவம்பர் கடைசியிலும் வரும், 2024-ல் கிறிஸ்துமஸ் அன்று மாலையே தொடங்கியது. குவான்சா 1966-ல் தொடங்கப்பட்டது, டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை. யார் மனமும் நோகாத பேர் என்பது ஒரு காரணம். இன்னொன்று சுத்தமான வியாபாரம்: 'கிறிஸ்மஸ்' என்று அடித்த சட்டை டிசம்பர் 26 காலையில் தள்ளுபடிக் கூடைக்குப் போய்விடும். 'ஹாலிடேஸ்' என்று அடித்தது இன்னும் சில நாள் தாங்கும்.

இந்தப் பேருக்காக அங்கே ஆண்டுதோறும் சண்டை நடக்கிறது. வாஷிங்டனில் நாடாளுமன்றத்தின் முன்னால் வைக்கிற மரத்துக்குச் சில வருடம் 'ஹாலிடே ட்ரீ' என்றே பேர். 2005-ல் அதை மறுபடி 'கிறிஸ்மஸ் ட்ரீ' ஆக்கினார்கள். இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி 1997-லும் 1998-லும் பல பண்டிகை நிகழ்ச்சிகளைச் சேர்த்து விளம்பரப்படுத்த 'வின்டர்வல்' என்று குடை மாதிரி ஒரு பொதுப்பேர் வைத்தது. அதற்குள் கிறிஸ்துமஸ் விளக்கும் கேரலும் கிறிஸ்துமஸ் என்ற பேரிலேயே நடந்தன. ஆனாலும் "கிறிஸ்துமஸையே ஒழித்துவிட்டார்கள்" என்ற வதந்தி இன்றைக்கும் ஓடுகிறது. குடைக்குள் என்ன இருக்கிறது என்று எழுதாமல் குடையின் பேரை மட்டும் எழுதினால் இதுதான் கதி.

சரி, பட்டறைக்கு வருவோம். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன். எழுத்தும் மரத்தின் நட்சத்திரமும் ஒரே வெள்ளை என்று ஒரே ஸ்க்ரீனில் போட்டுவிட்டால், வாசகத்தைப் பிரிக்கும்போது இரண்டையும் சேர்த்து மறுபடி எடுக்க வேண்டும், நட்சத்திரம் இடம் மாறி உட்காரும். வாசகத்துக்கு முதலிலேயே தனி ஸ்க்ரீன் வைத்துவிட்டால் அது ஒன்றை மட்டும் கழற்றி மாட்டினால் போதும். அதைவிடப் பெரிய தலைவலி சிவப்புத் துணிதான். சாயம் போட்டபின் சரியாக அலசாத சிவப்பில் அடித்த வெள்ளை எழுத்து முதல் துவையிலேயே ரோஸ் ஆகும். வாழ்த்து எதுவானாலும் சரக்கு திரும்பி வரும்.

உண்மையில் மனம் நோவது வாசகத்தில் அல்ல, படத்தில். 'ஹாலிடேஸ்' என்று எழுதிவிட்டு, சரிக்கட்ட ஓரத்தில் ஒரு மெழுகுவர்த்தித் தண்டு வரைவார்கள். ஹனுக்கா விளக்குக்கு ஒன்பது கிளை: எட்டு நாளுக்கு எட்டு, ஏற்றுவதற்கு ஒன்று. அந்த ஒன்று மற்றவற்றோடு சமமாக நிற்காது, உயர்ந்தோ விலகியோ இருக்கும். ஏழு கிளை வரைந்தால் அது பழைய எருசலேம் ஆலயத்து விளக்கு, ஹனுக்காவுக்கு ஆகாது. குவான்சாவுக்கும் ஏழுதான், ஆனால் நடுவில் கறுப்பு ஒன்று, ஒரு பக்கம் சிவப்பு மூன்று, மறுபக்கம் பச்சை மூன்று. நிறம் குறைத்தால் செலவு குறையும் என்று ஏழு மெழுகுவர்த்தியையும் வெள்ளையில் அடித்தால் அது குவான்சா விளக்கே இல்லை. எபிரேய எழுத்து வலமிருந்து இடம் போகும். ஸ்க்ரீன் எடுக்கிற ஃபிலிமைத் திருப்பிப் போட்டால் பட்டறையில் ஒருவருக்கும் தெரியாது, நியூயார்க் கடையில் எல்லாருக்கும் தெரியும். 'எக்ஸ்மஸ்' பற்றியும் ஒரு வார்த்தை: அந்த எக்ஸ் கிறிஸ்துவை அடித்துவிட்ட குறி அல்ல, கிரேக்கத்தில் கிறிஸ்து என்ற பேரின் முதல் எழுத்து. இருந்தாலும் பையர் கேட்காமல் போட வேண்டாம்.

ஆஸ்திரேலிய ஆர்டருக்கு 'வின்டர்' என்ற சொல்லே தப்பு. அங்கே டிசம்பர் கோடை.

நம்மூரிலும் இப்போது பள்ளிக்கூடம், அபார்ட்மென்ட், ஐடி கம்பெனி என்று 'வின்டர் ஃபெஸ்ட்' அழைப்பிதழ் வருகிறது. கோயம்புத்தூர் மார்கழியில் எது வின்டர்? ஊட்டிக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளலாம். பொதுப்பேர்தான் வேண்டுமென்றால் கொங்குப் பேச்சில் அது ஏற்கெனவே இருக்கிறது: நோம்பி. நோன்புதான் பேச்சில் நோம்பி ஆகி, பட்டினி போய், பண்டிகை என்ற பொருளுக்கு வந்துவிட்டது. தீவாளி நோம்பி, பொங்க நோம்பி, பூப்பறிக்கிற நோம்பி, பக்கத்து வீட்டு பாய்க்கு ரம்ஜான் நோம்பி. ஆங்கில 'ஹாலிடே'யும் 'புனித நாள்' என்பது தேய்ந்து வந்த சொல்தான். மதமே ஒட்டாத பேர் தேடுகிறவர்கள் இரண்டிடத்திலும் தோற்பார்கள். ஆனால் நோம்பி என்பவர்கள் முன்னால் எந்த நோம்பி என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள், அதுதான் வித்தியாசம்.

கம்பெனியில் விழா வைப்பவர்களுக்குப் பேரைவிடப் பானை முக்கியம். 'சமத்துவப் பொங்கல்' என்று பேனர் கட்டிவிட்டு, மொத்தப் பொங்கலையும் சாமிக்குப் படைத்துப் பரிமாறினால் கிறிஸ்தவர், இஸ்லாமியர் சிலர் கையில் வாங்கிக்கொண்டு சாப்பிடாமல் நிற்பார்கள். படைத்ததை உண்பதில்லை என்பது அவர்கள் வழக்கம், அவமரியாதை அல்ல. படையலுக்கு அரைக்கிலோ அரிசியில் ஒரு சின்னப் பானை தனியாக வையுங்கள். பொதுப் பானைக்கு ஒரு கிலோ பச்சரிசி, கால் கிலோ பாசிப்பருப்பு, ஒன்றே முக்கால் கிலோ வெல்லம், கால் கிலோ நெய் என்றால் சின்னக் கப்பில் அறுபது பேருக்குத் தாராளம். அரிசி குழைந்தபின் வெல்லப்பாகு. முந்தி ஊற்றினால் அரிசி விறைத்துக்கொள்ளும். பாகை வடிகட்டாவிட்டால் மண் கடிபடும். பூஜை முடிந்ததும் படைத்ததில் ஒரு கரண்டி எடுத்துப் பெரிய பானையில் கலக்கிற பழக்கம் பலருக்குக் கை தானாகச் செய்யும். அதை முன்கூட்டியே சொல்லி நிறுத்த வேண்டும். எது எந்தப் பானை என்று அட்டையில் எழுதி வைத்தால் போதும், வரிசையில் ஆளாளுக்கு "நீங்க சாப்பிடுவீங்களா?" என்று கேட்பதுதான் கூசவைக்கும்.

டிசம்பர் கேக்குக்கும் இதே கணக்கு. பிளம் கேக்கில் முட்டை உண்டு, பழம் ரம்மில் ஊறியிருக்கலாம். சபரிமலைக்கும் பழனிக்கும் மாலை போட்டவர்கள் இருக்கிற மாதம் அது. ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்துச் செய்து தரச்சொல்லி பேக்கரியில் முன்பே கேளுங்கள், முட்டையில்லாததை வேறு கத்தியில் வெட்டுங்கள். பேனரில் 'கிறிஸ்துமஸ்' என்றே போடலாம். 'திருப்பலி' கத்தோலிக்கர் சொல், 'ஆராதனை' சிஎஸ்ஐ என்கிற சீர்திருத்தச் சபைக்காரர் சொல்; ஒன்றின் இடத்தில் மற்றதை எழுதக் கூடாது. குடில் வைத்தால், இருபதாம் தேதி விழாவில் தீவனத் தொட்டி காலியாக இருக்கட்டும். கத்தோலிக்க வழக்கப்படி குழந்தை இயேசுவை அதில் 24-ஆம் தேதி நள்ளிரவில்தான் வைப்பார்கள்.

வடக்கேயிருந்து வந்தவர்கள் வேலை செய்யும் இடமென்றால் இன்னொன்று. பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் மகர சங்கராந்தியை 'கிச்சடி' என்றே சொல்வார்கள், அன்றைக்கு ஆக்குகிற சோற்றை வைத்து. அரிசியும் பருப்பும்தான், நம் வெண்பொங்கலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம். 'பொங்கல்' என்பதையே இந்தி எழுத்தில் எழுதி ஒட்டினால் அவர்களுக்கு ஒன்றும் ஒட்டாது. பலகையில் இரண்டு பேரையும் ஒரே அளவு எழுத்தில் எழுதுங்கள். இடம் போதாவிட்டால் கம்பெனி பேரைச் சின்னதாக்கிக்கொள்ளலாம்.