உடைந்துவிட்டதாம்

“அதிகாரப்பூர்வமாக உறுதியானதும் வெளியிடுகிறோம். நன்றி.” சென்னை வெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 1 இரவு பத்தேகாலுக்கு எங்கள் செய்தி அலுவலகத்திலிருந்து ஒரு வாசகருக்கு நான் அனுப்பிய பதில். அதில் ஒரு பிழைகூட இல்லை. இன்றும் அதைத்தான் மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் படிக்கிறேன்.

அடையாற்றங்கரையில் உள்ள ஜாபர்கான்பேட்டையிலிருந்து அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: “சார், செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டதாம். எங்கள் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. சீக்கிரம் போடுங்கள், ஆற்றோரத்தில் எல்லோரும் தூங்குகிறார்கள்.” கூடவே இருட்டில் எடுத்த ஒரு படம். ஒரு மோட்டார் சைக்கிளின் இருக்கை மட்டும் தெரிந்தது.

விசாரித்தேன். பொதுப்பணித் துறையில் ஒருவர் கிடைத்தார். கரை உடையவில்லை என்றார். உண்மைதான், ஏரி கடைசிவரை உடையவே இல்லை. ஆனால் அந்த இரவில் விநாடிக்கு 29,000 கன அடி நீர் ஏரியிலிருந்து அடையாற்றுக்குத் திறந்துவிடப்பட்டது. தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. நான் கேட்டதோ ‘உடைந்ததா?’ என்ற ஒரே கேள்வி. ‘இல்லை’ என்றதும் அடுத்த செய்திக்குப் போய்விட்டேன்.

எனக்கும் நியாயம் இருந்தது. நவம்பர் மழையின்போது வாசகர் ஒருவர் அனுப்பிய வெள்ளப் படத்தை அவசரமாக வெளியிட்டேன். வேறு ஊர், வேறு ஆண்டு. இன்னொரு வாசகர் சுட்டிக்காட்டிய பிறகு நீக்கி, வருத்தம் தெரிவித்தோம். அதன் பிறகு, அதிகாரிகள் உறுதிப்படுத்தாமல் எதையும் போடுவதில்லை என்ற விதியை எழுதியதே நான்தான். வெள்ளத்தோடு வந்த வதந்திகளும் கொஞ்சமல்ல. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று நகரமே நடுங்கியது, பண்ணை மறுத்தது. பொறுத்திருந்தவர்கள் தவறு செய்யவில்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அந்தச் செய்தியை இப்போது படித்தால் அந்த மனிதர் எவ்வளவு நேர்மையாக எழுதியிருக்கிறார் என்பது உறைக்கிறது. ஏரி ‘உடைந்துவிட்டதாம்’, தண்ணீர் ‘வந்துவிட்டது’. கேட்டதற்கு ஓர் ‘ஆம்’ சேர்த்திருக்கிறார், கண்டதற்குச் சேர்க்கவில்லை. வதந்தியையும் சாட்சியத்தையும் அவரே பிரித்துக் கொடுத்திருந்தார். நாள் முழுவதும் வாக்கியங்களைத் திருத்துவதே வேலையாக இருந்தவன் அந்த இரண்டெழுத்தைக் கவனிக்காமல் இரண்டையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். ‘ஜாபர்கான்பேட்டை தெருக்களில் முழங்கால் அளவு தண்ணீர்: வாசகர் தகவல்’ என்று ஒரு வரி போட்டிருக்கலாம். தூங்கியவர்கள் அதைப் படித்திருப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் பல நாள் ஆறுதல் தேடினேன். அப்படியானால் நான் எதற்காக அங்கே விழித்துக்கொண்டிருந்தேன்?

இத்தனைக்கும் ‘உங்கள் பகுதி நிலவரத்தை எங்களுக்கு அனுப்புங்கள்’ என்று எண்ணைப் போட்டு அழைத்தவர்கள் நாங்கள்தான். மறுநாள் டிசம்பர் 2 அன்று, 1878ஆம் ஆண்டு முதல் வந்துகொண்டிருந்த ‘தி இந்து’கூடச் சென்னையில் அச்சாகவில்லை, ஊழியர்களால் மறைமலைநகர் அச்சகத்துக்குப் போக முடியவில்லை. அன்று மதியம் வாசகர்கள் அனுப்பிய எல்லாவற்றையும் நாங்கள் வெளியிட்டோம்: எந்த மாடியில் யார் சிக்கியிருக்கிறார்கள், எங்கே படகு வேண்டும், எந்த மண்டபத்தில் சாப்பாடு கிடைக்கிறது. எந்த அதிகாரியையும் கேட்கவில்லை. முந்தைய இரவு நான் தூக்கிப் பிடித்த விதி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. அதை யாரும் தவறென்று சொல்லவும் இல்லை. விதி வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நவம்பரில் போட்ட அந்தப் படம் இன்னும் எனக்குக் கூசுகிறது.

என் பதிலுக்கு அவர் உடனே எழுதினார்: “நான் தண்ணீரில் நின்றுகொண்டு சொல்கிறேன் சார். இதற்கு மேல் யார் உறுதி செய்ய வேண்டும்?”

நான் பதில் எழுதவில்லை. பதினொன்றே காலுக்குத்தான், என்னவோ தோன்றி, “தண்ணீர் இப்போது எவ்வளவு இருக்கிறது? நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா?” என்று அனுப்பினேன். ஒரே ஒரு டிக் விழுந்தது.

ஜனவரியில் அந்தக் கைபேசியை அலுவலகத்தில் வேறு பிரிவுக்குக் கொடுத்தார்கள். கொடுக்கும் முன் ஒருமுறை திறந்து பார்த்தேன். அப்போதும் ஒரு டிக்தான். அவரை அழைத்துப் பேச எனக்குத் துணிவு வரவில்லை.