பழைய வீட்டைப் பிரித்து அருங்காட்சியகமாக நிறுத்துவது: வேலை அனுபவம்

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா என்ற பாரம்பரிய வீடுகளின் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் கோட்டயம் புதுப்பள்ளியிலிருந்து வந்த மரவீட்டைப் பார்த்துவிட்டு, "இதை எப்படி இங்கே கொண்டுவந்தார்கள்?" என்று கேட்காமல் திரும்புவதில்லை. 1996 டிசம்பரில் திறந்த அந்த வளாகத்துக்கு வடிவம் கொடுத்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். அங்கே நிற்கும் பல வீடுகள், இடிக்கப்படவிருந்த நிலையில் விலைக்கு வாங்கிப் பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டப்பட்டவை. அதே வழியில் செட்டிநாட்டு வீடு ஒன்றைப் பிரித்து வேறு மண்ணில் நிறுத்திய குழு நாங்கள். அடுத்து இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறோம்.

முதல் வேலை கையெழுத்து. செட்டிநாட்டு வீடுகளில் வளவின் (தூண்கள் சூழ்ந்த முற்றத்தின்) இருபுறமும் உள்ள அறைகள் ஒவ்வொரு மகனின் புள்ளிக்கும் (மணமான மகனின் குடும்பத்துக்கும்) உரியவை. மூன்று தலைமுறை கடந்தால் பங்காளிகள் பல ஊர்களில், பல நாடுகளில் இருப்பார்கள். ஊரில் இருப்பவர் ஒருவரிடம் முன்பணம் கொடுத்துவிட்டு ஓட்டில் கை வைத்தால், பாதி பிரித்த வீடு மழையில் நனையும்போது தடை உத்தரவு வந்து நிற்கும். எல்லாப் பங்காளிகளின் சம்மதமும் பதிவான பிறகே சாரம் கட்ட வேண்டும்.

அடுத்தது எண் போடுவது. வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. வளவின் ஈசானிய மூலைத் தூணை ஒன்று என்று வைத்து வலஞ்சுழியாகப் போங்கள். "வ1 தூ7 கி" என்றால் முதல் வளவு, ஏழாம் தூண், கிழக்கு பார்த்த முகம். திசை எழுதாமல் விட்டால் தூணைத் திருப்பி நிறுத்திவிடுவார்கள். தூண் உருண்டையாக இருந்தாலும் அதன் உச்சியில் நீட்டி நிற்கும் தலைமுளை ஒவ்வொன்றும் கையால் செதுக்கியது. தூணுக்கும் உத்திரத்துக்கும் (மேலே கிடக்கும் பெரிய விட்டத்துக்கும்) நடுவே உள்ள போதிகைக் கட்டையில், அதனதன் குழியில், அதனதன் திசையில்தான் உட்காரும். திருப்பி வைத்தால் ஆசாரி முளையைச் சீவத் தொடங்குவார். சீவிய முளை ஆடும், மேலே உத்திரம் சாயும்.

சுண்ணக்கட்டி, ஒட்டுக் காகிதம் இரண்டும் வேண்டாம். ஒன்று மழையில் அழியும், மற்றதைக் கரையான் தின்னும். அலுமினியத் தகட்டில் எழுத்தைக் குத்தி, வெளியே தெரியாத முகத்தில் சின்னப் பித்தளை ஆணியால் அடிக்க வேண்டும். அதே எண் வரைபடத்திலும் புகைப்படத்திலும் இருக்க வேண்டும். சேரும் இடங்களைத் தனியாக, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள்.

பிரிக்கும் காலம் மாசி, பங்குனி. கூரையை உச்சியிலிருந்து இறக்க வேண்டும். இரண்டு சரிவிலும் மாற்றி மாற்றி. ஒரே பக்கத்து ஓட்டை முழுக்க எடுத்தால் எதிர்ப்பக்கப் பாரம் கைமரங்களை (கூரையின் சாய்வு மரங்களை) தள்ளிவிடும். ஓடு, ரீப்பர் (ஓட்டைத் தாங்கும் மெல்லிய சட்டம்), கைமரம், உத்திரம், போதிகை, தூண் என்பது வரிசை. கைமரங்களை ஆணி போன்ற மர முளைகள் பிடித்திருக்கும். முளை ஒரு முனையில் சற்றே மெலிந்திருக்கும்; மெலிந்த முனையிலிருந்து தட்டினால் வழுக்கி வெளியே வரும். பருத்த முனையில் அடித்தால் துளையே பிளந்துபோகும். இது தெரியாத இடிப்பு ஆட்களிடம் வேலையைக் கொடுத்து நல்ல பர்மா தேக்கு வீணாவதைப் பார்ப்பது வயிற்றெரிச்சல்.

எடையை முன்கூட்டிக் கணக்கிடுங்கள். தேக்கு கன மீட்டருக்குச் சுமார் 650 கிலோ. 3 மீட்டர் உயரமும் 25 செ.மீ. குறுக்களவும் உள்ள தூண் ஏறத்தாழ 95 கிலோ. நான்கு பேர் தூக்கிவிடலாம். 5 மீட்டர் நீளம், 30க்கு 25 செ.மீ. கனமுள்ள உத்திரம் 240 கிலோவைத் தாண்டும். செயின் பிளாக் (சங்கிலியால் பாரம் தூக்கும் கருவி) இல்லாமல் தொடவே கூடாது.

சுவரைத் தூக்கிப்போக முடியாது. ஆனால் சுண்ணாம்புக் கலவையில் கட்டிய செங்கல் முழுசாகக் கழன்று வரும், திரும்பக் கட்டலாம். பின்னாளில் சிமென்ட் வைத்துப் பழுது பார்த்த பகுதியில் கலவை விடாது, செங்கல்தான் உடையும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லும் (செட்டிநாட்டு ஆத்தங்குடியில் செய்யும் வண்ணத் தரைக்கல்) பெயர்த்தால் பெரும்பாலும் உடைந்துவிடும். முழுசாக வந்தவற்றை ஓர் அறைக்கு ஒதுக்கிவிட்டு, மீதிக்கு ஆத்தங்குடியிலேயே பழைய மாதிரியைக் காட்டிச் செய்யச் சொல்லலாம். கண்ணாடி மேல் வண்ணக் கலவையை ஊற்றும் வேலை அங்கே இன்னும் நடக்கிறது. பதித்த பிறகு கறை போக அமிலம் ஊற்றக் கூடாது. நிறமும் மினுமினுப்பும் சேர்ந்து போகும்.

மரத்தில் முதலில் பார்க்க வேண்டியது உத்திரத்தின் முனை. சுவருக்குள் புதைந்த அந்த ஓர் அடியில்தான் ஈரம் தங்கி உளுத்திருக்கும். வெளியே வழவழப்பாக இருந்தாலும் சுத்தியலால் தட்டினால் சத்தம் மந்தமாகக் கேட்கும். உளுத்த பகுதியை மட்டும் அறுத்து, பழைய தேக்கையே சாய்வுப் பொருத்தில் (இரு முனைகளையும் சாய்வாக வெட்டி ஒட்டும் இணைப்பில்) சேர்க்க வேண்டும். புதுத்தேக்கு பின்னால் காய்ந்து சுருங்கிப் பொருத்தைத் திறந்துவிடும். பூச்சிக்கு 100 லிட்டர் வெந்நீரில் 3 கிலோ போராக்ஸ், 2 கிலோ போரிக் அமிலம் கரைத்து எல்லா முகத்திலும் பலமுறை தடவுவோம். மழை பட்டால் இந்த மருந்து கழுவிப்போய்விடும். தடவிய மரம் கூரைக்குள்தான் இருக்க வேண்டும்.

கடற்கரைப் பக்கம் நிறுத்துவதானால் இரும்பு ஆணியே வேண்டாம். உப்புக்காற்றில் துருவேறி ஊதி, மரத்தை உள்ளிருந்து பிளக்கும். மர முளை, பித்தளை, துருப்பிடிக்காத எஃகு, இவ்வளவுதான். பூச்சுக்கு ஊறிய சுண்ணாம்பு 1, உப்பில்லாத மணல் 3. கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் கலவையைக் குழைக்க வேண்டும். ஒரு பூச்சு 12 மி.மீ.க்கு மேல் போனால் வெடிக்கும். அவசரத்துக்கு ஒரு சட்டி சிமென்ட் சேர்க்கலாம் என்று கொத்தனார் சொன்னால் தடுத்துவிடுங்கள். சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூத்து உதிரும்.

ஐப்பசிக்கு முன் கூரை மூடியிருக்க வேண்டும். முற்றத்தின் நான்கு மூலைகளிலும் கூரைகள் சந்திக்கும் பள்ளத்தகடுதான் முதலில் ஒழுகும். ஓடு வேயும் முன் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். முற்றத்து வடிகாலையும் புது மனையின் மட்டத்துக்கு ஏற்ப அமைக்க வேண்டும். பழைய ஊரின் சரிவு இங்கே இருக்காது.

வீடு நின்ற பிறகுதான் அருங்காட்சியக வேலை. மின்கம்பியைச் சுவரை வெட்டிப் புதைக்காமல் உத்திரத்தின் மேல்முகத்தில் ஓட்டுங்கள். கழிப்பறை வீட்டுக்கு வெளியே. மச்சுக்கு (மேல்தளத்துக்கு) எத்தனை பேர் ஏறலாம் என்பதைப் பொறியாளர் சொன்ன பிறகே படியைத் திறக்க வேண்டும். கண்ணாடிப் பெட்டிகளால் வளவை நிரப்புவதை நாங்கள் ஏற்பதில்லை. இரண்டாம் கட்டில் (வளவுக்குப் பின்னால் உள்ள பகுதியில்) அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த இடத்திலேயே இருந்தால் அந்த வீட்டில் எப்படி வாழ்ந்தார்கள் என்பது தானே புரியும். கதவு, சன்னல்களைத் தினமும் திறந்து வைக்கவும். பூட்டிய அறையில் பூஞ்சணம் பிடிக்கும்.

புதிதாகச் சேர்த்த ஒவ்வொரு மரத்திலும் மறைவான முகத்தில் ஆண்டைப் பொறித்துவிடுங்கள். எது அசல், எது நம் கைவேலை என்று பார்வையாளருக்கும் சொல்ல வேண்டும். எண் வரைபடத்தின் ஒரு படி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். அடுத்த முறை கைமரம் மாற்ற வரும் ஆசாரிக்கு அதுதான் முதலில் தேவைப்படும்.